எழுநூறுக்குக் கீழே

தங்கராசு பொருளாதாரம் படித்தவர் இல்லை. வடலூர் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர். பெரிய நடிகர் படம் வந்தால் அறுபது ரூபாய் டிக்கெட்டை முந்நூறுக்குத் தள்ளுவார். "நானா வெல வைக்கிறேன்? சீட்டு கொஞ்சம், ஆளு கூட்டம். கூட்டம்தான் வெல வைக்குது" என்பார். படம் ஊத்திக்கொண்டால் அதே டிக்கெட்டை நாய்கூடச் சீண்டாது என்பதும் அவருக்குத் தெரியும்.

விற்பவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேசிய விலைக்குக் கீழே எவனும் இறங்கக் கூடாது. ஒருமுறை ஒருத்தன் இறங்கிவிட்டான். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியது தங்கராசுதான். அதற்கப்புறம் அவனோடு ஒரு டீகூடக் குடிக்கவில்லை மனுஷன்.

எல்லோரும் போனிலேயே டிக்கெட் எடுக்க ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. நெய்வேலி குவார்ட்டர்ஸ்களுக்கு வெள்ளையடிக்கப் போனார். காலையில் மந்தாரக்குப்பம் டீக்கடை முன் நின்றால் மேஸ்திரி சாமிக்கண்ணு வேனில் வந்து ஆள் ஏற்றிக்கொள்வார். நாள் கூலி எழுநூறு. மகள் செவ்வந்தியின் படிப்பு அதில்தான் ஓடியது.

அப்போதுதான் மனைவி ருக்குமணியின் தம்பி இளவழகன் வந்து நின்றான்.

"வயலெல்லாம் மைன்ஸுக்குப் போயிடிச்சி மாமா. நடவு இல்ல, அறுப்பு இல்ல. நெலம் வச்சிருந்தவங்களுக்குப் பணம் வந்துச்சி. கூலிக்காரன் நான் யாருகிட்டப் போயி கேக்கறது?"

தங்கராசுவே மேஸ்திரியிடம் கூட்டிப்போனார். "நம்ம மச்சான்தாங்க, சேத்துக்குங்க." இளவழகன் ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தான். அவர்கள் இன்னும் சிலரை. "பாவம், வரட்டும்" என்றார் தங்கராசு. கூட்டம்தான் விலை வைக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஆள், இங்கே டிக்கெட்டே தாம்தான் என்பதை எப்படித்தான் மறந்தாரோ!

பொங்கல் கழிந்தபோது டீக்கடை முன் நிற்க இடமில்லை. சாமிக்கண்ணு வேனிலிருந்து இறங்காமலேயே கேட்டார்: "ஐநூறுக்கு யாரு வரீங்க?"

தங்கராசு எல்லோரையும் ஓரமாகக் கூப்பிட்டார். "எழுநூறுக்குக் கீழ எவனும் எறங்காதீங்க. ஒத்துமையா நின்னா அவரே வழிக்கு வருவாரு."

"எம் பசங்க மேல சத்தியம் மாமா" என்றான் இளவழகன். வேன் காலியாகத் திரும்பியது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். மறுநாளும் காலியாகவே போனது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் விடிந்தபோது ருக்குமணி உலை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். செவ்வந்தி பஸ்ஸுக்குக் காசு கேட்டாள். தங்கராசு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வேன் வந்தது. "நாலே பேரு போதும். அதே ஐநூறுதான்."

யாரும் அசையவில்லை. இளவழகன் கையைக் கட்டிக்கொண்டு, மாமா முகத்தையே பார்த்தபடி நின்றான். அவன் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்காது.

"நான் வரேங்க" என்றார் தங்கராசு.

சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சட்டையைப் பிடிக்கட்டும், நாலு அறை விடட்டும் என்று தலைகுனிந்து நின்றார். இளவழகன் கிட்டே வந்தான். பின்னால் யாரோ, "எனக்கு நானூத்தம்பது குடுத்தாப் போதுங்க" என்றது காதில் விழுந்தது.

"நீங்க ஏறிக்குங்க மாமா" என்றான் இளவழகன். "அக்கா பசியோட இருக்கும்."