நுரை வராத தண்ணீர்

வேலூரில் இருந்தது பழைய டயாலிசிஸ் இயந்திரம். ஆம்பூரில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில், புதியது வந்தது. சிறுநீரகம் இரண்டும் போன என் மனைவிக்கு எது மேல் என்று நோட்டில் கோடு போட்டுப் பதினான்கு விஷயங்களை ஒப்பிட்டேன். முன் எடை, பின் எடை, மணிக்கொரு முறை இரத்த அழுத்தம், ஊசி எத்தனை தடவை குத்தினார்கள் என்பது வரை. பதினான்கில் பத்து ஆம்பூருக்கு. முக்கியமாகத் தூரம். வேலூரிலிருந்து திரும்பும்போது பள்ளிகொண்டா வருவதற்குள் அவள் தலை என் தோளில் சரிந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள். வேலூர் இடத்தை விட்டுக்கொடுத்தோம்.

ஆம்பூரில் ஐந்தாம் முறை, நாற்பதாம் நிமிடம் வாந்தி எடுத்தாள். வேலூரில் அழுத்தம் இறங்கும், இங்கே ஏறியது. உடம்பெல்லாம் எரிகிறது என்றாள். ஆறாம் முறையும் அதே நாற்பதாம் நிமிடம்.

தோல் தொழிற்சாலை ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்தவன் நான். எங்கள் ஊர்த் தண்ணீரை அப்படியே விட்டால் தோலில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். டயாலிசிஸில் ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர் தண்ணீர் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது, நடுவில் மெல்லிய சவ்வு மட்டும். என் பதினான்கில் தண்ணீர் இல்லை.

ஏழாம் முறை, இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கி, சோப்புத் துணுக்குப் போட்டுக் குலுக்கினேன். நுரை வரவில்லை. திரிந்த பால்போல் வெள்ளைத் துகள்கள் மிதந்தன. எங்கள் ஊர்த் தண்ணீரின் சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

"ஃபில்டர் மாத்தணும்ப்பா. தண்ணியில சுண்ணாம்ப எடுக்குற உப்பும் தீந்துபோச்சு. எழுதிக் குடுத்து ரெண்டு மாசம் ஆவுது," என்றாள் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

என் மனைவி வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "செத்த மாட்டுத் தோலுக்கு தண்ணி பாத்துப் பாத்து ஊத்துனீங்க. எனுக்குப் பாக்கலையே."

வேலூருக்குப் போன் செய்தேன். காத்திருப்போரில் ஒன்பதாவது என்றார்கள். அங்கே இடம் எப்படிக் காலியாகும் என்று நான் கேட்கவில்லை.

சத்தம் போட்டதில் உப்பு வந்தது, ஃபில்டர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் உட்காருமுன் பாட்டிலைக் குலுக்கினேன். மூன்று தடவை நுரை வந்தது. போன வியாழக்கிழமை வரவில்லை.

"வா, வீட்டுக்குப் போய்டலாம்," என்றேன்.

உடம்பில் தேங்கிய நீரில் எடை மூன்று கிலோ அறுநூறு கூடியிருந்தது. இரண்டு நாளாக அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது.

"போனா எத்தினி நாள் தாங்குவேன்?"

நோட்டைப் பிரித்து, மூடினேன்.

"எல்லாத்தையும் எண்ணுவீங்களே, இதுக்கு இன்னா? விடுங்க. அந்த பக்கெட்டக் கிட்ட வைங்க."

"ஊசி போடட்டுமாப்பா?" என்று அந்தப் பெண் என்னைத்தான் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் இவள் கையை நீட்டிவிட்டாள்.

பக்கெட்டை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.