துரையிடம் பேசுகிறவர்கள்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டாவது வார்த்தையிலேயே எனக்கு இருமல் வந்துவிடும். என் கணவருடைய தம்பியின் மனைவி அவள். கீழ் வீட்டின் முன்னறையைப் பெண்களுக்கான அழகு நிலையமாக்கி வைத்திருக்கிறாள். மாடியில் நான் தையல் மெஷினோடு இருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல், ஒரே மாடிப்படி. அவள் வெட்டிப்போட்ட முடி என் படியில் சுருண்டு கிடக்கும். என் நூல் அவளுடைய கண்ணாடிக் கதவில் சிக்கியிருக்கும். இதற்காகவே தினம் ஒரு சண்டை போடலாம். ஆனால் போட முடியாது, ஏனென்றால் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அவளுக்கு நான் வைத்த பெயர் பாட்டில். எந்த பாட்டிலைக் கையில் எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் பொடி எழுத்தை உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் என் குளியலறைக்குள் நுழைந்து என் ஷாம்பூவைத் திருப்பிப் பார்த்து, "இதையா அக்கா தலைக்குப் போடுறீங்க?" என்று கேட்டவள். வந்த அன்றைக்கே மூக்கை நுழைத்தவள் பிறகு எதைத்தான் விட்டுவைப்பாள்.

பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவளே சொன்ன கதை ஒன்று உண்டு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய கடையில் தலை அலசுகிற வேலைக்குப் போனாள். காலையிலிருந்து இருட்டும்வரை நின்ற நிலையில் ஊரார் தலையை அலச வேண்டும். சில மாதத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துத் தோல் உரிய ஆரம்பித்தது. உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். கையுறை போட்டால் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். எந்த ஷாம்பூவால் கை வெடிக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இவள் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள். கண்டுபிடித்து, அதை மாற்றுங்கள் என்றாள். முதலாளியம்மா ஷாம்பூவை விட்டுவிட்டு ஆளை மாற்றினாள். இதைக் கேட்டபோது நான் அழுதேன். அந்த அழுகையைத் திருப்பி வாங்க வழியிருந்தால் இன்றைக்கே வாங்கிவிடுவேன்.

ஏனென்றால் என் தலையைக் கெடுத்தவள் அவள்தான். என் மகள் பட்டம் வாங்குவதற்கு முதல் நாள், "சுருட்டையை நேராக்கித் தர்றேன், உட்காருங்க" என்று நாற்காலியில் உட்காரவைத்தாள். மறுநாள் சீப்பை வைத்தால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அந்த விழாப் படத்தில் நான் தலையைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு பல்வலிக்காரி மாதிரி நிற்கிறேன். மகள் இன்னும் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், "உங்க முடிக்கு முதல்லேருந்தே பலம் கிடையாதுக்கா" என்றாள். அன்றோடு பேச்சை நறுக்கிவிட்டேன். ஐந்து வருஷமாகிறது.

பேச்சு நின்றதே தவிர சண்டை நிற்கவில்லை. அதற்குத்தான் துரை இருந்ததே.

துரை என் பூனை. வெள்ளையாக இருப்பதாலும் யாரையும் மதிக்காததாலும் அந்தப் பெயர். வயதுவந்த, கொழுத்த, சோம்பேறி ஆண் பூனை. பகலெல்லாம் மாடிப்படியின் நடுவில் படுத்திருக்கும். நாங்கள் ஒருவரையொருவர் திட்ட வேண்டியதையெல்லாம் அதனிடம்தான் ஜாடையாகச் சொல்வோம். நான் மேல்படியில் நின்று, "துரை, பார்த்துச் சாப்பிடு, சில பேர் கடை முடி நம்ம தட்டுல விழுது" என்பேன். கீழேயிருந்து, "துரை, மெஷின் சத்தத்துல தூக்கம் வரலைன்னா இங்க வந்து படு" என்று வரும். "துரை, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகாத, போனா மொட்டையாத்தான் திரும்புவ" என்று நான் முடித்துவைப்பேன். துரை இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக் கொட்டாவி விடும்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். என் கணவரும் அவர் தம்பியும் ஒரே லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பிவர வாரம் ஆகும். மாடியில் எனக்கென்று மூச்சு விடுகிற ஜீவன் துரை மட்டும்தான். அது இல்லையென்றால் எனக்குப் பேச்சுத் துணை மட்டுமில்லை, திட்டுத் துணையும் இல்லை.

அந்தத் துரைதான் ஒரு மத்தியானம் கரிக்கட்டையாக வந்து நின்றது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பழைய எஞ்சின் ஆயிலை வடித்து வைத்திருந்த தட்டில் போய் விழுந்திருக்கிறது. வயிறு, முதுகு, வால் எல்லாம் கறுப்பு. அறை முழுக்க நாற்றம். அதைவிடப் பெரிய கொடுமை, அது உட்கார்ந்து தன்னை நக்க ஆரம்பித்தது. அந்த ஆயில் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைக் கழுத்துவரை ஒரு பழைய போர்வைத் துண்டால் சுற்றி, குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் தெருமுனைக் கடைக்கு ஓடினேன்.

கீழே ஒருத்தி சுவர் முழுக்க ஷாம்பூவாக அடுக்கி வைத்திருக்கிறாள். அவளிடம் கேட்பதற்குப் பதிலாக நான் இன்னொரு தடவை மொட்டையாகலாம்.

கடைக்காரர் நாய்ப் படம் போட்ட பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"இது நாய்க்காச்சே" என்றேன்.

"நாலு காலுன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா. உண்ணி, பேன், அழுக்கு எதுவும் நிக்காது. நல்லா பவரானது."

பவரானது என்றதும் வாங்கிவிட்டேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பாட்டிலைக் கீழ்ப்படியில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அது அவள் கையில் இருக்கிறது. பூதக்கண்ணாடியும் வந்துவிட்டது. என் பொருளை, என்னைக் கேட்காமல். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

குளியலறையில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. "துரை, அந்தப் பாட்டில் உனக்கு வேணாம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உயிருக்குப் போராடுகிற பூனையை வைத்துக்கொண்டு கூடவா ஜாடை. நானும் விடவில்லை. "துரை, சில பேருக்கு அவங்க கடைப் பாட்டிலைத் தவிர மத்ததெல்லாம் கண்ணை உறுத்தும். நீ கண்டுக்காத."

"துரை, அது நாய்க்குப் போடுற உண்ணி மருந்து. பூனைக்கு ஆகாதுன்னு பின்னாடியே எழுதியிருக்கு. போட்டா வலிப்பு வந்து செத்துப்போவ."

ஐந்து வருஷமாக அவள் துரையிடம் சொன்னது எல்லாம் எனக்குச் சொன்னதுதான். சாவு என்ற வார்த்தையை என் வீட்டைப் பார்த்து எறிகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. "துரை, சாபம் விடுற வாய் அழுகிப்போகும்" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து உள்ளங்கை நிறைய ஊற்றினேன். துரை துண்டுக்குள் கிடந்து என்னைப் பார்த்தது.

படியில் தடதடவென்று சத்தம். கதவு திறந்தது. கையில் சாயம் கலக்குகிற பிரஷ்ஷோடு அவள் நின்றாள்.

"அக்கா, கையைக் கழுவுங்க."

அக்கா என்றாள். துரையைக் கூப்பிடவில்லை. என்னை நேராகப் பார்த்து என்னைத்தான் கூப்பிட்டாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடியில் நீட்டி உள்ளங்கையை அலசிவிட்டாள். பாட்டிலை மூடி மாடத்தில் வைத்தாள். துண்டோடு துரையை வாரிக்கொண்டு, "வாங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். திருடியைத் துரத்துவதுபோல நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவள் கடைக்குள் காலை வைத்தேன். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் அம்மா பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பத்திரிகையைத் தாழ்த்திவிட்டு எங்களைப் படிக்க ஆரம்பித்தார்.

அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டு மிருக டாக்டரைப் பிடித்தாள். நக்க விடாமல் உடனே கழுவிவிட்டுத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் அவர். தலை அலசுகிற தொட்டிக்குள் வழுக்காமலிருக்க ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டாள். என்னைப் பார்த்து, "பின்னங்காலைப் பிடிச்சுக்குங்க, பிறாண்டும்" என்றாள். நான் பிறாண்டலுக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

துரை பிறாண்டவில்லை. துண்டை விலக்கியதும் அதுவாகவே தொட்டிக்குள் இறங்கியது. கழுத்து வைப்பதற்காக வெட்டியிருக்கிற பள்ளத்தில் மோவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. தினம் வருகிற வாடிக்கையாளர்கூட அவ்வளவு பாந்தமாக உட்காரமாட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொப்பை பெருத்த பிறகு துரையால் முதுகைத் திரும்பி நக்க முடியாது. ஆனாலும் அதன் முதுகு எப்போதும் பளிச்சென்றுதான் இருந்தது. என் பூனை தானே சுத்தமாக இருக்கும், சில பேர் மாதிரி அதற்குப் பாட்டில் வேண்டாம் என்று படியில் நின்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கீழேயிருந்து பதில் வந்ததில்லை.

அவள் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். பூனைப் படம் போட்டது. பாதிக்குமேல் காலி.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றேன். நான் அவளிடம் நேராகப் பேசிவிட்டேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அது குண்டானதுலேருந்து. முதுகுல முடி சிக்குப் பிடிச்சு, தோல்ல புண்ணு வர ஆரம்பிச்சுது."

"என் பூனையை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம."

"எப்படிக் கேக்குறது? அதுகிட்டதான் கேட்டேன். சரின்னுச்சு."

சாய அம்மா சிரித்துவிட்டார். நான் முறைத்த முறைப்பில் பத்திரிகை மறுபடியும் மேலே ஏறியது.

முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெயைத் தடவி அந்தக் கறுப்பை இளக்கித் துணியால் துடைத்தெடுத்தாள். மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தால் அந்த ஷாம்பூவுக்கு வாசனையே இல்லை. "வாசனை போட்டதெல்லாம் இதுக்கு ஆகாது. எதைப் பூசினாலும் நக்கத்தானே போகுது. நம்ம ஷாம்பூவும் வேணாம், தோல் வறண்டுபோகும்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றினாள். காதுப் பக்கம் ஒரு சொட்டு போகவில்லை. முகத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். வெடித்துத் தழும்பேறிய விரல்கள் முடிக்குள் போய்ப் போய் வந்தன. துரை கண்ணை மூடிக்கொண்டது. என் மடியில் ஒருநாளும் அப்படிக் கண்ணை மூடியதில்லை.

எனக்கு நன்றி வரவில்லை. பொறாமைதான் வந்தது. என் பூனை என் கண்ணெதிரே இன்னொருத்தி கையில் குழைகிறது. அதே விரல்கள்தான் என் முடியையும் கொத்துக் கொத்தாகப் பிடுங்கின. இவ்வளவு பதமான கை எனக்கு மட்டும் எங்கே போயிற்று என்று கேட்க வாய்வரை வந்தது. துரை ஈரத்தில் நடுங்குவதைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

நுரை முழுதும் போகிறவரை மூன்று தடவை அலசி, உலர்ந்த துண்டு இரண்டில் சுற்றினாள். முடி உலர்த்துகிற மெஷினை நான் எடுத்து நீட்டினேன். "சத்தத்துக்குப் பயப்படும்" என்று தள்ளிவிட்டாள். அதுவும் அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது. சாய அம்மாவை அவசரமாகத் தானே தலையை அலசிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு வண்டியைப் பிடித்தாள். வண்டியில் துரை என் மடியில் இருந்தது. வழி நெடுக நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

டாக்டர் கண்ணையும் வாயையும் திறந்து பார்த்தார். வயிற்றை அழுத்தினார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அந்த நேரத்தில் நான் அவளைத் திட்டுவதைக்கூட மறந்திருந்தேன்.

"இது யார் பூனை?"

"என்னோடது" என்று முந்திக்கொண்டேன்.

"வழக்கமா என்ன ஷாம்பூ போடுறீங்க? கடைசியா எப்பக் குளிப்பாட்டினீங்க? அப்போ தோல்ல புண்ணு ஏதாவது இருந்துச்சா?"

இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளையின் வகுப்பு தெரியாத அம்மாவைப் பார்ப்பதுபோல டாக்டர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவள் வாயே திறக்கவில்லை. அவள் சொல்லியிருக்கலாம். என்னை முந்திக்கொண்டு சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை.

"நீ சொல்லேன்" என்றேன் எரிச்சலோடு.

அவள் சொன்னாள். ஷாம்பூ பெயர், போன மாதம் குளிப்பாட்டியது, இடது தொடையில் வந்து ஆறிப்போன புண், எல்லாம். டாக்டர் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை. மருந்தை எழுதி அவள் கையில் கொடுத்தார்.

அன்றும் மறுநாளும் துரை சாப்பிடவில்லை. நான் மெஷினைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று என் காலைச் சுற்றியது. வெள்ளையாக, பளிச்சென்று, திமிர் குறையாமல். நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். அழுத சத்தம் கீழே கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

துரை தன் படிக்குப் போய்ப் படுத்தது. கீழே கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் வந்தது. அவள் வாசலுக்கு வந்து நிற்கிறாள், ஆனால் தலையை நீட்டிப் பார்க்கவில்லை. என் தலைமுடிக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை. அவளாக மன்னிப்புக் கேட்கிறவரை நானாக அவளிடம் பேசப்போவதில்லை.

"துரை" என்றேன் மேல்படியிலிருந்து. "இனிமே குளிக்கப் போறதுன்னா வீட்டுல சொல்லிட்டுப் போ."

கீழேயிருந்து, "துரை, சொன்னா விடுவாங்களான்னு கேளு" என்று வந்தது.

"துரை, விடுவாங்கன்னு சொல்லு. கூட வந்து பக்கத்துல நின்னு பார்ப்பாங்கன்னும் சொல்லு."