கட்டிலுக்குக் கீழே இருந்த பாரம்

டொராண்டோவிலிருந்து வரும் வழியெல்லாம் கட்டில் போட்ட இழுவை வண்டியான கேம்பர், எங்கள் பிக்கப் வண்டியின் பின்னால் ஆடிக்கொண்டே வந்தது. இரண்டையும் பூட்டும் கொளுவியை மாற்ற மொன்றியலில் நிற்கிறோம். பின் இருக்கையில் மகனின் மூன்று பிள்ளைகள் உறங்குகிறார்கள்.

கடைக்காரர் திருகோணமலை ஆள். "உள்ளுக்கு என்ன பாரம், தம்பி?"

"ஒண்டுமில்லை அண்ணை. பாய், தலையணைதான்," என்கிறான் மகன்.

அவனுக்குத் தெரியாது. நான் வாய் திறக்கிறேன். "கட்டிலுக்குக் கீழை ரெண்டு மூட்டை அரிசி இருக்கு. என்ரை அம்மியும் இருக்கு. கடைச் சாப்பாடு வேண்டாமெண்டு நான்தான் ஏத்தினனான்."

அவர் சிரிக்கவில்லை. "ஆடாத கொளுவி தாறன், அம்மா. எண்டாலும் பிக்கப்புக்கு ஒரு அளவு இருக்கு. இறக்கத்திலை கேம்பர் எல்லாரையும் தள்ளிக்கொண்டு போயிடும்."

மகன் அரிசியையும் அம்மியையும் இறக்குகிறான். குழவியை அவனிடம் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டுபோய்க் கடை வாசலில், அம்மியின்மேல் வைக்கிறேன்.