பின்சுவரை ஒட்டி மூன்று ஊசிப் பேனா

ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர் அவர். தெருவே அவரைக் கூலிங்காரர் என்றுதான் கூப்பிடும். இருபத்தாறு வருஷத் தொழில். கம்ப்ரசரில் காதை வைத்தாலே கோளாறைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்த வீட்டு ஃபிரிட்ஜில் கோட்டை விட்டார் என்றால் யார் நம்புவார்கள்?

மனைவி சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள். முழங்கால் தேய்ந்துவிட்டது. எடையும் சர்க்கரையும் இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லி, வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசியை எழுதிக் கொடுத்தார். பசியை அடக்கும், சர்க்கரையையும் இறக்கும். பேனா மாதிரி இருக்கும். ஒன்றில் நாலு வாரத்து மருந்து. மூன்று மாதம் தள்ளி ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாயிற்று.

அந்த ஊசி கிடைப்பதோ குதிரைக் கொம்பு. நாயாய் அலைந்து மூன்று பேனாவையும் ஒரே கடையில் பிடித்தார் கூலிங்காரர்.

"குளிர்ல வைக்கணும்" என்றார் கடைக்காரர்.

"குளிரைப் பத்தி எனக்கே பாடமா?" என்று சிரித்துவிட்டு வந்தவர், ஃபிரிட்ஜின் குமிழைக் கடைசிவரை திருகி, உள்ளே பின்சுவரை ஒட்டி மூன்றையும் வைத்தார். அதிகம் குளிர்ந்தால் அதிக நாள் கெடாது என்பது அவர் நினைப்பு. மருந்து அன்றைக்கே உறைந்துபோனது. குளிர்ந்த ஊசி கடுக்குமென்று அவள் ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வைப்பாள், அதற்குள் உருகிவிடும். அப்புறம் யாருக்குத் தெரியும்?

"என்னங்க, பசி அடங்கவே மாட்டேங்குது."

"ஊசி மட்டும் என்ன செய்யும்? வாயைக் கட்டணும்ல?"

பிஸ்கட் டப்பா அலமாரி உச்சிக்குப் போயிற்று. பாவம், அரை வயிற்றோடுதான் வேலைக்குப் போனாள். இவருக்கோ, கடையில் வாங்கித் தின்கிறாள் என்று சந்தேகம். ஒருநாள் அவள் கைப்பையையே துழாவிவிட்டார். வலித் தைலம்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்று மாதம் ஆனது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"சர்க்கரை கொஞ்சம்கூட இறங்கலையே. ஒளிச்சு வச்சுச் சாப்பிடுறீங்களாம்மா?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"ஊசியை எங்க வச்சிருந்தீங்க?"

கூலிங்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "அதுல குறையே வராது மேடம். ஃபுல் கூலிங். எடுக்கும்போது மேல ஐஸே கட்டியிருக்கும்."

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "உறைஞ்சா அந்த மருந்து வீண் சார். உருகினாலும் உதவாது. அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கே!"

கூலிங்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "அப்ப... ஆபரேஷன் தேதி?"

"இந்தச் சர்க்கரையில கத்தி வச்சா புண் ஆறாது. தேதியை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும். ஊசி கிடைச்சா முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். இப்ப எங்கயும் ஸ்டாக் இல்ல. எப்ப வரும்னு எனக்கே தெரியலை."

வெளியே நடைக்கு வந்ததும் அவர் நின்றார். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! திட்டட்டும், நாலு பேர் பார்க்கத் திட்டட்டும் என்று காத்திருந்தார்.

அவளோ அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். கண் நிறைந்திருந்தது, முகத்தில் ஏதோ பாரம் இறங்கிய தெளிவு.

"அப்ப நான் எதுவும் திங்கலைதானேங்க? நீங்க சொல்லிச் சொல்லி, தூக்கத்துல எந்திரிச்சுத் திங்கிறேனோன்னு நானே பயந்துபோயிருந்தேன்."