கம்பி இல்லாத இஞ்சின்

காளவாசல் பஸ் ஷெட்டில் சேக் இஸ்மாயில் கை வைத்துக் கிளம்பாத பெட்ரோல் வண்டி கிடையாது. அந்தக் கையை நம்பித்தான் 1938இல் ஆனையூர் அரிசி மில் முதலாளி சிவசங்கரன், புதிதாக வாங்கிய டீசல் இஞ்சினை ஓட்ட அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்.

இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்த இஸ்மாயில் சிரித்துவிட்டார். "பிளக்கைக் காணோம், பொறி குடுக்குற கம்பியைக் காணோம். இது எதைக் கொண்டு பத்திக்கும்?"

"காத்தை மட்டும் இழுத்து அமுக்கும் பாய். அமுக்குற அமுக்குல காத்தே கொதிச்சுப்போகும். அதுல எண்ணெயைப் பீச்சுனா தானா பத்திக்கிரும்" என்றார் இஞ்சினைப் பூட்ட வந்த பிட்டர். "நிறுத்தணும்னா எண்ணெயை அடைக்கணும். இந்தா, கீழ இருக்கு பாருங்க கைப்பிடி."

புரிந்தது. மூளைக்குப் புரிந்து என்ன செய்ய? பெட்ரோல் வண்டியில் அவசரமென்றால் மேலே கை விட்டுக் கம்பியைப் பிடுங்குவார். பொறி செத்தால் இஞ்சினும் நின்றுவிடும். பாழாய்ப்போன கை அதிலேயே ஊறிக் கிடந்தது.

அந்த ஐப்பசியில், தவிடு அள்ளும் சோலையம்மாளின் முந்தானை இஞ்சினிலிருந்து மில்லுக்கு ஓடும் பெல்ட்டில் சிக்கியது. அதைப் பிடுங்கப் போன வலது கையையும் பெல்ட் இழுத்துக்கொண்டது.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே!"

இஸ்மாயில் ஓடிப்போய் இஞ்சின் தலையைத் தடவினார். விரல் பொசுங்கியது. அங்கே என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி! மறுபடியும் தடவினார். "யா அல்லா" என்று அலறிய பிறகுதான் கைப்பிடி நினைவுக்கு வந்தது. குனிந்து இழுத்தார். அப்போதும் இஞ்சினின் கனத்த சக்கரம் இன்னும் சில சுற்று சுற்றிவிட்டுத்தான் அடங்கியது.

உயிர் தப்பிவிட்டது. கையை முழங்கைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மில்லில் யாரும் இஸ்மாயிலை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரைத் தின்றது. சோறு இறங்கவில்லை. அவளுக்குக் கட்டுப் பிரித்த பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். சோலையம்மாள் இடது கையால் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டாள். "நான் அம்புட்டுக் கத்துனேனே, இஞ்சின் தலையில என்னத்தண்ணே தேடுனீக?"



"இல்லாததைத் தேடுனேன், தாயி."

அவள் அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினாள். பிள்ளை அவளுடைய வலது கை இருந்த பக்கம் திரும்பி வாயைத் திறந்தது.