ஹோமோ எரக்டஸுக்கு ஒரு கோரைப்பல்

எங்கள் அடுக்குமாடியில் ஹோமோ எரக்டஸ் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதில் தப்பில்லை. தெரியாததைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டித் தொங்கவிடுவதுதான் தப்பு. அன்று நான் கத்திய கத்தலை மேடவாக்கத்தில் எங்கள் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

சேலையூரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கண்காட்சிக்கு, என்றோ அழிந்துபோன அந்த ஆதி மனிதனின் தலையைச் செய்வதென்று முடிவானது. காகிதக்கூழில் தலை செய்வது என் பொறுப்பு. புருவ மேடு துருத்த வேண்டும், நெற்றி பின்னால் சரிய வேண்டும், முகவாய் இருக்கவே கூடாது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. வகுப்பில் முப்பத்திரண்டு பேர் என்பதால் ஆளுக்கு ஒரு பல் என்று சாக்பீஸில் செதுக்கித் தந்தார்கள். எது யாருடைய பல் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பாடம் மட்டும் மனதில் நிற்காது.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், மேல்வரிசைக் கோரைப்பல்லை மூன்று தடவை செதுக்கினாள். "நல்லா இருக்கா மிஸ்?" என்றாள். அவளாக வந்து என்னிடம் பேசியது அன்றுதான்.

திங்கட்கிழமை கண்காட்சி. சனிக்கிழமை காலையில் பெயின்ட் காயட்டும் என்று தலையை மொட்டை மாடியில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். மதியம் திரும்பினால் வாசலில் போர்வெல் லாரி, அதன் கம்பத்தில் என் ஹோமோ எரக்டஸ். முறுக்கு மீசை, சிவப்புக் கண், வாயோரம் தெர்மாகோலில் ஒரு நீளமான கோரைப்பல்.

"யாரைக் கேட்டு சார் எடுத்தீங்க?" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் பாய்ந்தேன்.

"உங்களோடதா டீச்சர்? மூஞ்சியப் பார்த்து திருஷ்டி பொம்மைன்னு நெனச்சுட்டேன். காலையிலேர்ந்து வெறும் புழுதிதான் வந்துச்சு. இதக் கட்டினோம், பாருங்க!"

வாசலெல்லாம் தண்ணீர். வருஷம் பூரா டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தவர்கள் அதில் கால் நனைத்துக்கொண்டு நின்றார்கள்.

"செம பவரு கீதுக்கா இதுக்கு. கட்டின அஞ்சே நிமிஷத்துல தண்ணி பிச்சிகினு வந்துச்சு. கழட்டாதக்கா," என்றார் போர்வெல்காரர்.

"பவரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது மனுஷன்!" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் நானே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி அவிழ்த்தேன். மீசையைத் துடைக்கும்போதுதான் வாயிலிருந்த பற்களை எண்ணினேன். தெர்மாகோலைத் தள்ளினால் முப்பத்தொன்று.

"இங்க இருந்த பல்லு எங்க சார்?"

"கோரைப்பல்லு வைக்க இடம் வேணும்ல, ஒண்ணப் பிடுங்கினோம். அடுத்ததப் பிடுங்கறதுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. சாக்பீஸ்தானே டீச்சர், ஒரு பாக்ஸே வாங்கித் தரேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்தக் குழாயிலேயே இறக்கியிருப்பேன். அந்த இனம் மண்ணில் விட்டுப்போன பல்லும் எலும்பும் கல்லாயுதமும்தான் நமக்கு மிச்சம் என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னவள் நான். சேற்றில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் துழாவினேன். செயலாளரும் பேன்ட்டை மடித்துக்கொண்டு கூடவே துழாவினார். அவ்வளவு தண்ணீரில் சாக்பீஸ் எங்கே மிஞ்சும்?

ஞாயிறன்று நானே ஒரு பல்லைச் செதுக்கினேன். அதே அளவு, அதே வளைவு. நன்றாகவே வந்திருந்தது. ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் அந்தப் பெண்தான் வந்தாள். குனிந்து வாய்க்குள் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இது என்னோடது இல்ல மிஸ்," என்றாள்.

சாக்பீஸ்தானே என்று நானும்தான் நினைத்திருக்கிறேன். அன்று கத்துவதற்கு என்னைத் தவிர எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.