லுசில் பாடாத வால்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் ஒரு நண்பர் வீட்டுக்குக் கரம் விளையாடப் போனேன். காய்கள் ஓடவில்லை. நண்பர் பவுடர் டப்பாவைத் திறந்து பலகையில் தாராளமாகத் தூவினார். அந்த வாசம் மூக்கில் ஏறியதோடு எனக்கு விளையாட்டு போய்விட்டது. "என்ன அண்ணை, அடியுங்கோவன்" என்று அவர் சொல்கிறார், நான் ஸ்ட்ரைக்கரைக் கையில் பிடித்தபடி கண் கலங்கி இருக்கிறேன். கரம் பவுடருக்கு அழுத ஒரு மனிதனை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்.

என் மூக்கில் அது கரம் பலகையின் வாசம் இல்லை. கியூபெக்கின் சின்னஞ்சிறு ஊர்களில், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், சப்பாத்துகள் வழுக்கி ஆடிய மரத்தளங்களின் வாசம். நான் ஒரு கன்ட்ரி இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தவன். சிரிக்காதீர்கள். தொப்பியும் இருந்தது. முதல்நாள் அதோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கேட்டாள்: "என்னப்பா, உந்தத் தொப்பியோடையோ சாமியறைக்குள்ள போகப்போறியள்?"

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். வில்லரே பகுதியில் கஸ்தோன் என்பவரின் கராஜுக்குக் குளிர்கால ரயர் மாற்றப் போனேன். மூலையில் ஒரு பேஸ் கிற்றார் சாத்தியிருந்தது. யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழாக்களுக்கு வாசித்த கை சும்மா இருக்குமா? ரயர் மாற்றி முடியும்வரை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தேன். கஸ்தோன் எண்ணெய்க் கையோடு வந்து நின்று கேட்டார். அவர் பேசியது பிரெஞ்சுதான். ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார், அதனால் அப்படியே தருகிறேன். "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யிறாய்?" என்றார். "ஒண்டும் இல்லை" என்றேன். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

நான் சேரும்போதே அந்தக் குழுவுக்கு வயதாகிவிட்டது. கஸ்தோனும் மனைவி லுசிலும் கலியாணம் கட்டிய கோடையில் தொடங்கியது. பாட்டு அவர்கள் இருவரும். ஸ்டீல் கிற்றார் மார்செல், அவர்களுடைய கலியாணத்துக்கே வாசித்தவர். ட்ரம்ஸ்காரர்கள் வந்து வந்து போனார்கள். கோடை முழுக்க ஒரு பழைய வாகனத்தில் ஏறி அபிதிபி, கஸ்பே என்று தூரத்து ஊர்களுக்குப் போவோம். ஓட்டிக்கொண்டே கஸ்தோன் பாட, நானும் கூடப் பாடிப் பிரெஞ்சு படித்தேன். அதன் பலன், என் பிரெஞ்சு முழுக்கக் குதிரையும் லொறியும் பிரிவுமாக இருந்தது. ஒருநாள் மகளைக் கார்தெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், இருந்து கூட்டிவரப் பிந்திப்போய், ஏன் என்று கேட்ட ஆசிரியையிடம், "நெடும்பாதை என்னை உன்னிடமிருந்து பிரித்துவிட்டது" என்று சொல்லிவைத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் மகள் ஒரு கிழமை என்னோடு வர வெட்கப்பட்டாள்.

நடனம் தொடங்கமுன் சப்பாத்து வழுக்கவென்று லுசில் தளத்தில் மா தூவுவார். ஒருமுறை அது தீர்ந்துபோய், என் பையில் கிடந்த கரம் பவுடரைக் கொடுத்தேன். பிறகு அவர் வேறொன்றையும் தொடவில்லை. "உங்கட ஆக்களின்ர மாதான் திறம்" என்பார். டப்பா டப்பாவாக வாங்கிக் கொடுத்தேன்.

இனி அந்த வால்ஸ். எந்த ஊரானாலும் கடைசிப் பாட்டு ஒரே பாட்டு, மெதுவான ஒரு வால்ஸ், சோடியாகச் சுற்றிச் சுற்றி ஆடுகிற மெட்டு. அதை லுசில் தனியே பாடுவார். கஸ்தோன் கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கி, அன்று முழுக்கத் துணையில்லாமல் இருந்த ஒருவரிடம் போய்க் கை நீட்டுவார். அநேகமாகப் புருஷனை இழந்த ஒரு பெண்மணியாக இருக்கும். ஒருமுறை தனியே இருந்தவர் மரம் வெட்டுகிற ஒரு கிழவர். கஸ்தோன் யோசிக்கவே இல்லை, அவரையும் எழுப்பி ஆடினார். இரண்டு பேருமே ஆண்பிள்ளை அடி வைத்ததில் கால்கள் நன்றாக மிதிபட்டன.

தனியே இருப்பவரைக் கண்டுபிடிப்பது என் வேலை. "பாடுறவைக்குப் பாட்டில கண், மார்செலுக்குத் தன்ர விரலில கண். உனக்குத்தான் சனத்தைப் பாக்க நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டார் கஸ்தோன். பேஸ்காரனுக்கு இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. வால்ஸ் தொடங்கியதும் அவர் என்னைப் பார்ப்பார். நான் கிற்றாரின் கழுத்தை அந்த மேசைப் பக்கம் சாய்ப்பேன். ஒருவரும் தனியே இல்லாவிட்டால் கழுத்தை நேரே மேலே நிமிர்த்துவேன்.

அது அபூர்வமாக நடக்கும். நடந்தால் கஸ்தோனைப் பார்க்க வேண்டும், முகம் அப்படியே மலர்ந்துவிடும். மைக்கில் அறிவிப்பார்: "இண்டைக்கு இஞ்ச ஒருத்தரும் தனிய இல்லை." சனம் கைதட்டும். அவர் லுசில் பக்கம் திரும்பிக் கையை நீட்டுவார். லுசில் பாட்டை விட்டுவிட்டு வருவார். சொல்லில்லாமல் நாங்கள் வாசிக்க இருவரும் ஆடுவார்கள். வருடத்தில் ஒன்றிரண்டு முறைதான் அவர்கள் அப்படிச் சேர்ந்து ஆடியது.

பிறகு லுசில் ஸ்டூலில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார். பிறகு தொப்பிக்குள் ஒரு துணி கட்டினார், முடி கொட்டிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் மனைவியும் நானும் இடியப்பமும் சொதியும் கொண்டு பார்க்கப் போனோம். சொதியை மட்டும் சூப் போலக் குடித்தார். கஸ்தோன் இனிப் பாடுவதில்லை என்று முடிவெடுத்து இருந்தார். லுசில் என் கண்முன்னேதான் அவரிடம் சொன்னார்: "வாற கோடைக்கு ஒப்புக்கொண்டதை முடிச்சுப்போட்டு நிப்பாட்டு. வால்ஸை மட்டும் விட்டிடாதை. ஆரோ ஒராள் அதுக்காகத்தான் வந்திருக்கும்." கஸ்தோன் தலையாட்டினார். பனி கரையமுதல் லுசில் போய்விட்டார்.

அந்தக் கோடை எப்படிப் போனது என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. லுசிலின் மைக்கை அதே இடத்தில் நிறுத்தச் சொன்னார் கஸ்தோன். வால்ஸ் வரும்போது அவருடைய பாட்டை மார்செல் ஸ்டீல் கிற்றாரில் வாசிப்பார். கஸ்தோன் இறங்கிப் போவார், ஆடுவார், சிரித்த முகத்தோடு திரும்பி வருவார். போன இடமெல்லாம் யாரோ ஒருவர் தனியே இருந்தார்கள். அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறத்தியாரின் தனிமைக்கு நன்றி சொல்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

கடைசி ஊர் வடக்கே ஒரு ஏரிக்கரை. ஓகஸ்ட் முடிகிற நேரம். மனைவியும் முதன்முதலாக வந்திருந்தாள், மார்செலின் மனைவியோடு ஒரு மேசையில் இருந்தாள். நான் வாசிக்கத் தொடங்கியதில் இருந்தே சனத்தைத் துழாவினேன். எல்லா மேசையிலும் சோடிகள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா தனியே இருந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். வால்ஸ் தொடங்கவும் அவருடைய புருஷன் இரண்டு ஐஸ்கிரீமோடு உள்ளே வந்தார்.

கஸ்தோன் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு தடவை முழு மண்டபத்தையும் பார்த்தேன். பிறகு கழுத்தை நேரே நிமிர்த்தினேன்.

அவர் முகம் பழையபடி மலர்ந்தது. மைக்கில் சொன்னார்: "இண்டைக்கு இஞ்ச ஒருத்தரும் தனிய இல்லை." சனம் கைதட்டியது. அவர் இடப்பக்கம் திரும்பி, லுசிலின் மைக்கைப் பார்த்துக் கையை நீட்டினார்.

நீட்டியபடியே நின்றார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கைதான் முதலில் விளங்கிக்கொண்டது, மெல்லக் கீழே இறங்கியது.

பிறகு தானும் இறங்கி, ஆடுகிற சோடிகளுக்கு நடுவால் நடந்துபோய், லுசிலின் பவுடர் டப்பா இருந்த கதிரையில், டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். மார்செல் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. நான் கிற்றாரின் கழுத்தை அவர் பக்கம் சாய்த்தேன். யாருக்குக் காட்டினேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பி வரும்போது வெயில் இன்னும் இருந்தது. மனைவி சொன்னாள்: "ஆரையாவது காட்டியிருக்கலாமேயப்பா."

"ஆர் இருந்தவை காட்ட?"

"என்னைக் காட்டியிருக்கலாம். எனக்கு ஆடத் தெரியாது. எண்டாலும் எழும்பியிருப்பன்."

கஸ்தோன் அதற்குப் பிறகு பாடவில்லை. கராஜை விற்றுவிட்டுத் தமக்கையோடு போய் இருந்தார். சில வருடங்களில் அவரும் போய்விட்டார். மார்செலின் விரல்கள் மடங்காமல் போயின. அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபங்களில் ஒன்று இப்போது உடற்பயிற்சிக் கூடம், இன்னொன்று பூட்டிக் கிடக்கிறது. என் கிற்றாருக்குக் கம்பி மாற்றி எத்தனையோ காலம்.

ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை. நம்மவர்களின் கலியாண மண்டபங்களில், புரோசார்ட்டிலோ ரொக்ஸ்பரோவிலோ, சாப்பாடு முடிந்து பாட்டுப் போட்டதும் என் கண் தானாக மேசைகளைத் துழாவத் தொடங்கும். தனியே இருப்பவரை இப்போதும் உடனே கண்டுபிடித்துவிடுகிறேன். இறங்கிப் போகிற ஆள்தான் இல்லை.